அடிக்கோடு வாசிப்பாகாது

மேல்நிலை வகுப்பு மாணவர்களை உரைப்பத்தித் தேர்வுக்குத் தயார்செய்வது எப்படி என்று, பயிற்சி மையம் நடத்தும் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரை நகலாக எங்கள் ஆசிரியர் ஓய்வறை மேசைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதையே சிறப்பு வகுப்புக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். அதில் சொல்லியிருப்பது தவறு. தவறு என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாத அளவுக்குப் பிள்ளைகளுக்குக் கேடு செய்வது. அரசுப் பள்ளியில் 22 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் என் வகுப்பில் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முதலில் அவர் வாதத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேர்வில் வரும் கட்டுரைப் பத்தியை முழுக்கப் படிப்பது நேர விரயம்; கேள்வியை முதலில் படித்து, அதிலுள்ள முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, அதே சொல் பத்தியில் எங்கே வருகிறதோ அந்த வாக்கியத்தை எடுத்து எழுதினால் விடை வந்துவிடும் என்பது முதல் வாதம். இந்த உத்தி கைவந்துவிட்டால் பத்தி எதைப் பற்றியது என்பது பொருட்டே இல்லை, ஆகவே நூலகம், நாளிதழ், நீண்ட கட்டுரை என்று நேரத்தைச் செலவிடாமல் நூறு பயிற்சித் தாள்களைப் போட வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. உலகத் தேர்வுகளே பத்திகளைச் சுருக்கிவிட்டன, நீண்ட வாசிப்புக்கு இனி வேலை இல்லை என்பது மூன்றாவது. அரசுப் பள்ளிக்கு வரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு உடனடித் தேவை மதிப்பெண், வாசிப்பெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என்பது நான்காவது. இந்த நான்காவதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அவருடைய உத்தி வேலை செய்கிறதா என்று ஒரு பத்தியை வைத்தே பார்த்துவிடுவோம். பதினோராம் வகுப்புக்காக நான் எழுதிக்கொண்டு போன பத்தி இது:

தென்மாவட்டங்களில் நிலத்தடி நீர் வற்றியதற்குச் சீமைக்கருவேல மரமே காரணம் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதை வேரோடு அகற்றினால் கிணறுகளில் நீர் ஊறும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. ஆனால், வரத்துக்கால்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கும் ஊரில் மரத்தை மட்டும் வெட்டினால், மழைநீர் எந்த வழியாகக் கண்மாய்க்கு வரும்? ராமநாதபுரத்தில் இந்த மரத்தின் கரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழி காட்டாமல் வெட்டத் தொடங்குவது நியாயமா?

கேள்வி இதுதான்: நீர் வற்றியதற்குக் காரணமாக இதை எழுதியவர் எதைக் கருதுகிறார்?

நண்பரின் உத்திப்படி 'நீர்', 'வற்றியதற்கு', 'காரணம்' ஆகிய மூன்று சொற்களுக்கும் கோடு போட வேண்டும். மூன்றும் முதல் வாக்கியத்திலேயே இருக்கின்றன. எடுத்து எழுதினால் விடை 'சீமைக்கருவேல மரம்'. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். எழுதியவர் மறுக்கிற கருத்தை, அவருடைய கருத்து என்று எழுதினார்கள். 'பலர் நம்புகிறார்கள்' என்பதற்கும் 'நான் சொல்கிறேன்' என்பதற்கும் உள்ள தூரம் அவர்கள் கண்ணில் படவில்லை. 'ஆனால்' என்ற சொல்லோடு பத்தி முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் நடப்பது தெரியவில்லை. எழுதியவர் கேள்வி கேட்பதுபோலத் தன் முடிவைச் சொல்கிறார் என்பதும் பிடிபடவில்லை. இவர்களில் மக்கு யாரும் கிடையாது. தேடச் சொல்லிக் கொடுத்திருந்தோம், தேடினார்கள். படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கட்டுரை எழுத்தின் உயிரே இந்தத் திருப்பங்களில்தான் இருக்கிறது. ஒருவர் கருத்தைச் சொல்லி, இன்னொருவர் மறுப்பைச் சொல்லி, சான்று காட்டி, விலக்கு சொல்லி, அதற்குப் பிறகுதான் எழுதுகிறவர் தன் இடத்துக்கு வந்து சேர்வார். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வுசெய்யும் தேர்வுகளில் பத்தியிலுள்ள சொற்களை அப்படியே தூக்கித் தவறான விடையில் வைப்பார்கள். சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவார்கள். சொல்லைத் துரத்துகிறவன் விழுவதற்கென்றே தோண்டிய குழி அது. சட்டக் கல்லூரிகளுக்கான கிளாட் தேர்வு 2020 முதல் ஏறத்தாழ முழுக்கவே பத்திகளை வைத்து நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இல் வந்த க்யூட் தேர்விலும் மொழித்தாளில் பத்திகள் உண்டு. எங்கள் பிள்ளைகளை அங்கே அடிக்கோட்டுப் பென்சிலோடு அனுப்பச் சொல்கிறார் நண்பர். அது நிராயுதபாணியாக அனுப்புவதைவிட மோசம். ஆயுதம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையாவது இருக்கும்.

நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமை சொல்லும்போது நெய்யரியைச் சொல்கிறது. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் வடிகட்டி அது. பொருளை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளப் பழக்குவது, நல்ல மாணவர்களை நாமே உட்காரவைத்து நெய்யரி ஆக்கும் வேலை.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். உத்தி தெரிந்தால் பத்தி எதைப் பற்றியதானாலும் ஒன்றுதான் என்கிறார். இதை ஆராய்ந்து பார்த்தே தவறு என்று காட்டி நெடுங்காலம் ஆயிற்று. 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், நடுநிலைப் பள்ளி வயது மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். மாணவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், வாசிப்பில் பின்தங்கியவர்களும் இருந்தார்கள். இரு பக்கத்திலும் ஆட்டம் தெரிந்தவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. படித்ததை ஒரு சிறிய மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள், வாயாலும் சொல்லச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை முந்திவிட்டார்கள். பத்தி எதைப் பற்றியது என்பதுதான் அங்கே முடிவைத் தீர்மானித்தது.

இந்த ஆய்வைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்பே அதை என் வகுப்பில் கண்ணால் பார்த்தேன். ஏரிப் பாசனம் பற்றி ஒரு பத்தி. ஓர் ஊர் ஏரியில் மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கை இரண்டடி உயர்த்திக் கட்டினார்கள் என்று அதில் ஒரு வரி. இதனால் யார் யாருக்குப் பாதிப்பு வரும் என்று கேட்டிருந்தேன். அதற்கான விடை பத்தியில் எழுதப்பட்டிருக்காது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எப்போதும் முதலிடம் வாங்கும் மாணவன் கலிங்கு என்ற சொல் வந்த வாக்கியத்தை அழகான கையெழுத்தில் அப்படியே எழுதி வைத்திருந்தான். கடைசி பெஞ்சில், 'மெல்ல மலரும் மாணவர்' பட்டியலில் பெயர் இருந்த ஒருவன் எழுந்து, "சார், கலிங்கை ஒசத்துனா ஏரிக்குள்ள தண்ணி மேல ஏறும். உள்வாய்ல பயிர் வச்சவங்க வயல் முங்கும். கீழ் ஏரிக்குத் தண்ணி லேட்டாத்தான் போகும், அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றான். அவன் அப்பா ஏரிக்கரையில் மடை திறந்துவிடுகிறவர். பத்தியில் இல்லாத இரண்டு தரப்பாரையும் அவன் பார்த்துவிட்டான்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது. வாசிப்பு என்று நாம் சொல்வது கண்ணுக்கும் தாளுக்கும் நடுவில் மட்டும் நடப்பதில்லை. எழுதியவர் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. தெரிந்தவருக்குப் பாதி போதும் என்று பாதியை விட்டுவிட்டுத்தான் எழுதுவார். அந்தப் பாதியைப் படிக்கிறவன் தன் கையிருப்பிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும். கையிருப்பு இல்லாதவனுக்கு எந்த உத்தியும் கைகொடுக்காது. பணவீக்கம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்குப் பணவீக்கம் பற்றிய பத்தியில் எந்தச் சொல்லுக்குக் கோடு போடச் சொல்வீர்கள்? நூறு பயிற்சித் தாள்களில் நூறு துண்டுகள். பெங்குவினில் ஒரு துண்டு, மின்வணிகத்தில் ஒரு துண்டு, ஆளுமை வளர்ச்சியில் ஒரு துண்டு. ஒன்றோடொன்று ஒட்டாது. ஆண்டு முடியும்போது பிள்ளையிடம் தங்குவது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நான்கே பொருள்களை ஆழமாகப் படித்திருந்தால் நான்கு வாசல்கள் திறந்திருக்கும்.

மூன்றாவது வாதம் உலகத் தேர்வுகளைப் பற்றியது. அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வில் முன்பு ஒரு பத்தி 500 முதல் 750 சொற்கள் இருந்தது, அதில் பத்துப் பதினொரு கேள்விகள் வந்தன. கணினி வழிக்கு மாறியபின் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. இதுவரை நண்பர் சொல்வது உண்மை. இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தலைகீழ். பத்துக் கேள்விகள் இருந்தபோதாவது பத்தியில் தேவையான இடத்தை மட்டும் மேய்ந்துவிட்டுத் தப்பிக்க இடம் இருந்தது. நூறு சொல்லுக்கு ஒரே கேள்வி என்றால் நூறு சொல்லும் கேள்விக்குள் இருக்கிறது. ஓர் ஆய்வாளரின் கருதுகோளைச் சொல்லி, எந்தக் கண்டுபிடிப்பு வந்தால் அது பலவீனப்படும் என்று கேட்கிறார்கள். அட்டவணை ஒன்றைக் கொடுத்து, மேலே சொன்ன வாதத்துக்கு அதில் எந்த எண் சான்று என்று கேட்கிறார்கள். அங்கே தேடுவதற்குச் சொல்லே கிடையாது. சுருக்கிய தேர்வு இன்னும் கறாரான வாசிப்பைக் கேட்கிறது.

உலகத் தேர்வு என்று அவரே பேச்செடுத்துவிட்டதால், தமிழ்நாடு மறக்க விரும்பும் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 15 வயது மாணவர்களுக்கான பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் அடிப்படை நிலையையாவது எட்டியவர்கள் தமிழ்நாட்டில் 17 விழுக்காடு. இந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 81. கேள்விகள் நம் சூழலுக்கு அந்நியமானவை என்று அப்போது சொன்னார்கள். 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. நண்பரும் அந்தச் சமாதானத்தையே திருப்பிச் சொல்கிறார்: பிள்ளைகளுக்குத் தேர்வின் வடிவம் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்கிறார்.

வடிவம் புதிது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 17க்கும் 81க்கும் உள்ள பள்ளத்தை அதைக் கொண்டு தூர்க்க முடியாது. பீசாவின் 2000ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பொதுவெளிக்கு வந்த கேள்வித் தொகுப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைப் பற்றியது. ஏரியின் ஆழம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு வரைபடம், கூடவே சில வரி விளக்கம். இன்றைக்கு ஏரியின் ஆழம் எவ்வளவு என்று கேள்வி. விளக்கத்தில் 'இன்று' என்ற சொல்லைத் தேடிப் போனால் எண் எதுவும் கிடைக்காது. இன்றைய மட்டம் கி.பி. 1000இல் இருந்த மட்டத்தை ஒத்தது என்று மட்டும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தில் கி.பி. 1000க்குப் போய், கோட்டின் உயரத்தைப் பார்த்து, ஏறத்தாழ 2 மீட்டர் என்று வர வேண்டும். எழுத்திலிருந்து படத்துக்கு ஓர் அடி, படத்திலிருந்து எண்ணுக்கு இன்னோர் அடி. ஏரியும் அதன் நீர்மட்டமும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நியமா? மதகுக்குப் பக்கத்தில் அளவுக்கல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு தகவலை இன்னொன்றோடு சேர்த்து யோசிக்கும்படி யாரும் அவர்களை வகுப்பில் கேட்டதில்லை என்பதுதான் உண்மை. நண்பரின் உத்தி அந்தப் பழக்கம் வருவதற்கு இருக்கும் மிச்ச வழியையும் அடைக்கிறது.

இனி நான்காவது வாதம். ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண் போதும் என்பது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். உரைப்பத்தியில் முழு மதிப்பெண் வாங்குகிறவள். ஒருநாள் மதியம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அம்மா சங்கிலியை அடகு வைத்திருந்த நகைக்கடன் நிறுவனம் அனுப்பியது. அதில் பென்சிலால் அடிக்கோடுகள் போட்டிருந்தாள். 'தொகை', 'தேதி', 'ஏலம்' என்று எல்லா முக்கியச் சொல்லுக்கும் நேர்த்தியான கோடு. கடிதத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. ஒன்று, வட்டியோடு பணம் கட்ட வேண்டிய கடைசி நாள். 'தவறும் பட்சத்தில்' என்று தொடங்கிய அடுத்த வாக்கியத்தில் ஏலம் நடக்கும் நாள். அவள் இரண்டாவது தேதியை எடுத்து, அதற்குள் கட்டினால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா களையெடுக்கப் போன கூலியைச் சேர்த்துக்கொண்டு அந்தத் தேதிக்குக் காத்திருந்தார். என்னிடம் கடிதம் வந்தபோது முதல் தேதி தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கி ஓடினார்கள். ஏலச் செலவு என்று கூடுதலாகக் கட்டிய பிறகுதான் சங்கிலி வீடு வந்தது.

"கோடு போட்டுத்தான் சார் படிச்சேன்" என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. அந்தக் கோடு போடும் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். தேர்ச்சி விழுக்காட்டுக்காக, மாதிரித் தேர்வுக்காக, மினிமம் மெட்டீரியல் என்ற பெயரில் நண்பர் இப்போது எழுதியிருப்பதைத்தான் நானும் அப்போது வகுப்பில் செய்துகொண்டிருந்தேன். பத்தி வினாவுக்கு அவளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். அந்த மதிப்பெண்ணைக் கொண்டு அவளால் தன் வீட்டுக்கு வந்த பத்து வரிக் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. என் கோபம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அறிக்கைக்காக 2023ஆம் ஆண்டு நாட்டின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ளவர்களைச் சோதித்தார்கள். கால்வாசிப் பேரால் தங்கள் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியவில்லை. எளிய பத்தியையாவது படிக்க முடிந்தவர்களிடம் ஓஆர்எஸ் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட குறிப்பைக் கொடுத்து நான்கு கேள்விகள் கேட்டார்கள். மூன்றுக்காவது சரியாகப் பதில் சொன்னவர்கள் 65 விழுக்காடு. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களிலேயே மூன்றில் ஒருவரால் வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்கான குறிப்பைச் சரியாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. புனைவல்லாத எழுத்து என்பது பணக்கார வீட்டு அலமாரியில் இருக்கும் சங்கதி என்று நண்பர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மருந்துச் சீட்டு, பட்டா, கடன் பத்திரம், கல்லூரிச் சேர்க்கை விதிமுறை, வேலை ஒப்பந்தம், பயிர்க் காப்பீட்டு அறிவிப்பு எல்லாம் புனைவல்லாத எழுத்துதான். வசதியுள்ளவருக்கு அதைப் படித்துச் சொல்லக் கணக்கரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். கூலி வீட்டில் அதைப் படித்துச் சொல்ல இருப்பது பள்ளிக்குப் போகும் அந்த ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு ஆடம்பரம் என்று எழுத நண்பருக்கு எப்படி மனம் வந்தது?

வசதியுள்ள வீட்டில் நாளிதழ் வரும், சாப்பாட்டு வேளையில் ஊர் உலகச் செய்தி பேசப்படும், விடுமுறையில் அருங்காட்சியகம் போவார்கள். பள்ளி எதையும் செய்யாவிட்டாலும் அந்தப் பிள்ளையின் கையிருப்பு ஏறிக்கொண்டே இருக்கும். என் வகுப்புப் பிள்ளைக்கு ஏரி தெரியும், ஆடு தெரியும், நெசவு தெரியும். நாடாளுமன்றக் குழுவும் தடுப்பூசி ஆய்வும் தெரிய வேண்டுமென்றால் பள்ளிதான் ஒரே வழி. அந்த ஒரே வழியில் பயிற்சித் தாள்களைக் கொட்டி அடைப்பதை உதவி என்று சொல்லாதீர்கள். முன்னால் இருப்பவனுக்கும் பின்னால் இருப்பவனுக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளி தன் கையாலேயே அகலப்படுத்தும் வேலை அது.

நண்பர் சொன்னதில் ஏற்கத்தக்கதை ஏற்கிறேன். தேர்வின் வடிவம் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், எதை முதலில் எழுதுவது என்பதெல்லாம் சொல்லித்தர வேண்டியவை. கால அட்டவணையிலோ விளம்பரத்திலோ ஒரு தகவலை மட்டும் தேடச் சொன்னால், கேள்வியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லதுதான். இதற்கு இரண்டு வாரம் போதும். வாசிப்பு உத்திகளைக் கற்பிப்பதால் வரும் பலன் சீக்கிரமே வந்துவிடும், அதையே மாதக்கணக்கில் போட்டு அரைப்பதால் கூடுதலாக எதுவும் வராது என்று அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் தொடர்ந்து எழுதிவருகிறார். நண்பரோ இரண்டு வார வேலையை இரண்டு ஆண்டுப் பாடத்திட்டமாக விற்கிறார்.

வேறு என்ன செய்வது என்று கேட்பார்கள். நான் செய்துவருவதைச் சொல்கிறேன். இதற்குப் பணம் தேவையில்லை, வாரத்தில் ஒரு பாடவேளை போதும்.

நான்கு வாரத்துக்கு ஒரே பொருள். தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலேயே 'நீரின்றி அமையாது உலகு' என்ற உரைநடைப் பாடம் இருக்கிறது. கைடிலிருந்து வினா விடையை மனப்பாடம் செய்வதோடு அதைக் கடந்துவிடுகிறோம். அதை எடுத்து வைத்துப் பத்தி பத்தியாகப் படிப்போம். ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் அதில் எழுதியவர் என்ன சொன்னார் என்று தன் சொந்த வாக்கியம் ஒன்றில் எழுத வேண்டும். பத்தியிலிருக்கும் சொற்றொடரை அப்படியே எடுக்கக் கூடாது. இரண்டாம் வாரம், அதே பொருளில் ஒரு நாளிதழ்ச் செய்தியும் ஒரு மழையளவு அட்டவணையும். அட்டவணை சொல்வதும் செய்தி சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்போம். மூன்றாம் வாரம், ஒரே சிக்கலில் எதிரெதிராக எழுதிய இருவரின் கட்டுரைகள். இவர் எதை வைத்துச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார், அவர் கேட்டால் இவர் என்ன பதில் சொல்வார் என்று மாணவர்களே பிரிந்து நின்று பேசுவார்கள். நான்காம் வாரம், புதிய பத்தி ஒன்றுக்கு அவர்களே கேள்விகள் தயாரித்துப் பக்கத்துக் குழுவுக்குக் கொடுப்பார்கள். தவறான விடைகளையும் அவர்களே எழுதுவார்கள். பொறி வைக்கப் பழகியவன் பொறியில் விழமாட்டான்.

'எனினும்', 'மாறாக', 'அதனால்', 'இருந்தபோதிலும்', 'என்று கருதப்படுகிறது' ஆகிய சொற்களை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோடு போடத்தான் வேண்டும் என்றால் இவற்றுக்குப் போடச் சொல்வேன். கருத்து திரும்பும் மூலைகள் இவைதான்.

படிக்க எதுவும் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பள்ளிக் கல்வித்துறையின் தேன்சிட்டு வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் 1987லிருந்து வெளிவருகிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக உருவான கலைக்களஞ்சியம், கதை தவிர மற்ற எதையும் தமிழில் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்திலேயே சொன்ன பதில். போதாதென்றால், மாணவரின் பையிலேயே உயிரியலும் பொருளியலும் வரலாறும் இருக்கின்றன. நாள் முழுக்க அவர்கள் சுமப்பது புனைவல்லாத எழுத்தைத்தான். அதைத் திறந்து படிக்கவிடாமல் கைடும் கொஸ்டின் பேங்கும் நடுவில் நிற்கின்றன. நண்பரின் நூறு தாள்களும் அந்த வரிசையில்தான் வந்து நிற்கப்போகின்றன.

மதிப்பெண் குறையுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புரிந்து படிக்கிற பிள்ளை உரைப்பத்தியில் மதிப்பெண் இழப்பதில்லை. மற்றப் பாடங்களிலும் கேள்வியைப் புரிந்துகொண்டு எழுதத் தொடங்குகிறது. உத்தி மட்டும் தெரிந்த பிள்ளைக்கு வினாத்தாள் கொஞ்சம் மாறினாலே கை நடுங்குகிறது. இரு வகையையும் என் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

அந்த நகைக்கடன் கடிதத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் என் முதல் பாடவேளை ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. அதேபோன்ற ஒரு கடிதத்தைப் பெயரும் தொகையும் மாற்றிக் கரும்பலகையில் எழுதுகிறேன். பணம் கட்டக் கடைசி நாள் எது என்று கேட்கிறேன். முதலில் பாதி வகுப்பு ஏலத் தேதியைச் சொல்லும். யாராவது ஒருவர் எழுந்து, இல்லை சார், 'தவறும் பட்சத்தில்' என்று போட்டிருக்கிறதே என்பார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று இன்னொருவர் கேட்பார். சண்டை தொடங்கும். பெல் அடிக்கும்வரை அந்தப் பத்து வரியை விட்டு யாரும் நகர்வதில்லை. நண்பரின் கணக்கில் அது நாற்பது நிமிட விரயம். அந்த நாற்பது நிமிடத்தில் என் வகுப்பு படிக்கக் கற்றுக்கொள்கிறது. நண்பர் எழுதிய அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் அதை அவர்களிடமிருந்து எடுத்துவிடக் கூடாது.